புதிய மென்பொருளும் ஊழியர் நலனும்: பணியிட இடர் மதிப்பீட்டுக்கு முழுமையான வழிகாட்டி

அலுவலகத்துக்குள் ஒரு புதிய செயலி நுழைகிறது. அது வருகைப்பதிவாக இருக்கலாம், வேலையைத் தானாகப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பாக இருக்கலாம், கண்காணிப்பு மென்பொருளாகவும் இருக்கலாம். அது எத்தனை மணி நேரத்தை மிச்சப்படுத்தும் என்று கணக்குப் போட ஆள் இருக்கிறார்கள். அதை நாள் முழுக்கப் பயன்படுத்தப்போகிறவரின் தூக்கம், கண், கழுத்து, நிம்மதி என்ன ஆகும் என்று பார்க்கத்தான் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை. அந்த வேலையை முன்வந்து எடுத்துக்கொள்பவருக்காக இதை எழுதுகிறேன். மனிதவளத் துறையில் இருப்பவர், பாதுகாப்புக் குழு உறுப்பினர், தொழிற்சங்கப் பிரதிநிதி, தன் குழுவைப் பற்றிக் கவலைப்படும் மேற்பார்வையாளர் என யார் செய்தாலும் படிகள் இவைதான்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் நிறுத்துங்கள்: இங்கே நாம் அளப்பது வேலையை, ஊழியரை அல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு, ‘பர்ன்அவுட்’ என்னும் சோர்வு நிலையை நோயாக வைக்கவில்லை. வேலை சார்ந்த நிகழ்வாகத்தான் வைத்திருக்கிறது. சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓ 2021இல் வெளியிட்ட 45003 வழிகாட்டுதலும் மனநலத்தைக் கெடுக்கும் பணிச் சூழலை மற்றப் பாதுகாப்பு இடர்களைப் போலவே கண்டறிந்து குறைக்கச் சொல்கிறது. புதிதாகச் செய்பவர்கள் ‘யாருக்கு மன அழுத்தம் இருக்கிறது?’ என்று ஆள் தேடப் போய்விடுகிறார்கள். அப்படித் தொடங்கினால் ஊழியர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். பின்னால் வரும் எந்தப் படியும் உருப்படாது.

1. எதை மாற்ற முடியும் என்று முதலில் எழுதி வாங்குங்கள்

நிர்வாகத்திடம் ‘மதிப்பீடு செய்யலாமா?’ என்று மட்டும் கேட்டால், ‘தாராளமாக’ என்பார்கள். அது போதாது. முடிவு வந்த பிறகு எவையெல்லாம் பேச்சுக்கு உட்பட்டவை என்று கேளுங்கள். டார்கெட்டை மாற்றலாமா, ஷிஃப்ட் நேரத்தை மாற்றலாமா, கூடுதல் ஆள் தருவார்களா, மென்பொருளின் அமைப்புகளில் யார் கைவைக்கலாம், ஒரு வசதியை முழுவதுமாக அணைக்கச் சொன்னால் கேட்பார்களா?

இதை முதல் படியாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. குறைகளைக் கேட்டுவிட்டு ஒன்றையும் மாற்றாமல் விடுவது, கேட்காமலே இருப்பதைவிட மோசமான விளைவைத் தரும். மனம் திறந்து பேசியவர் அடுத்த முறை பேசமாட்டார். பக்கத்தில் இருப்பவரையும் பேசவிடமாட்டார்.

மென்பொருளை வாங்கும் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே இந்தப் பேச்சு நடந்தால் மிக நல்லது. ‘தனிநபர் தரவரிசையை மறைக்கும் வசதி வேண்டும்’ என்று அப்போது கேட்டால் விற்பவர் செய்துகொடுப்பார். வாங்கிய பிறகு கேட்டால் அதற்குத் தனி விலை சொல்வார்.

2. சிறிய குழு, சரியான ஆட்கள்

நான்கு முதல் ஆறு பேர் போதும். அந்தக் கருவியைத் தினமும் தொடுகிறவர் இருவராவது வேண்டும். இரவு ஷிஃப்ட் இருந்தால் அங்கிருந்து ஒருவர், மென்பொருளின் அமைப்புகளை அறிந்த ஐடி ஊழியர் ஒருவர், முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர்.

ஐடி ஊழியரைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ‘இந்த அலாரத்தை நிறுத்த முடியாது’ என்று மேலாளர் நம்பிக்கொண்டிருப்பதை, அமைப்புகளுக்குள் போய் ஒரே நிமிடத்தில் நிறுத்தக்கூடியவர் அவர்தான். ஒப்பந்த ஊழியர்களையும் மறக்காதீர்கள். கண்காணிப்பும் டார்கெட்டும் பெரும்பாலும் அவர்கள் மீதுதான் கனமாக இறங்குகின்றன.

3. ரகசியத்துக்கான விதிகளைக் கேள்வி கேட்கும் முன்பே அறிவியுங்கள்

இந்தப் படியை யாரும் அவசரப்பட்டுத் தாண்ட வேண்டாம். என்ன தகவல் சேகரிக்கப்படும், எங்கே சேமிக்கப்படும், யார் பார்ப்பார்கள், எப்போது அழிக்கப்படும் என்று ஒரே பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் கொடுங்கள்.

பெயர் கேட்காவிட்டால் ரகசியம் காப்பாற்றப்பட்டுவிடும் என்ற எண்ணம் தவறு. துறை, வயது, பாலினம், பணி அனுபவம் ஆகிய நான்கையும் ஒன்றாகக் கேட்டால் சிறிய அலுவலகத்தில் பாதிப் பேரை அடையாளம் கண்டுவிடலாம். ஆகவே துறையை மட்டும் கேளுங்கள். பத்துப் பேருக்குக் குறைவாகப் பதில் தந்த துறையின் முடிவைத் தனியாக வெளியிடாமல் இன்னொன்றோடு சேர்த்துவிடுங்கள்.

எழுத்தில் வரும் கருத்துகளை அப்படியே நிர்வாகத்துக்கு அனுப்பாதீர்கள். ஒருவர் எழுதும் விதமே அவரைக் காட்டிக்கொடுக்கும். உங்கள் சொற்களில் மாற்றி எழுதி, ஒரே பொருள் கொண்டவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். அலுவலக மின்னஞ்சலில் லாக்இன் செய்தால்தான் திறக்கும் சர்வே வேண்டவே வேண்டாம். உண்மையிலேயே பெயர் பதிவாகாவிட்டாலும், பதிவாகிறது என்றுதான் ஊழியர் நினைப்பார். அதற்கேற்பத்தான் பதில் சொல்வார்.

4. கருவிகளின் பட்டியல்: அதிகாரப்பூர்வமற்றவையும் சேர்த்து

ஊழியர் ஒரு நாளில் தொடும் எல்லா டிஜிட்டல் கருவிகளையும் எழுதுங்கள். புதிதாக வரும் ஒன்றை மட்டும் பார்த்தால் படம் முழுமையாகாது. அது தனியாக வருவதில்லை, ஏற்கெனவே இருக்கும் ஏழெட்டின் மேல் வந்து உட்கார்கிறது.

மேலாளர் தொடங்கிய வாட்ஸ்அப் குழு இந்தப் பட்டியலில் வந்தே ஆக வேண்டும். எந்த விதியிலும் இல்லாத அந்தக் குழுதான் பல இடங்களில் இரவு பத்து மணிக்கும் வேலை சொல்கிறது. சொந்த கைபேசியில் ஏற்றச் சொன்ன செயலிகளையும் எழுதுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஐந்து கேள்விகள்: இது ஊழியரிடம் என்ன கேட்கிறது? அவரைப் பற்றி எதைப் பதிவு செய்கிறது? அந்தப் பதிவை யார் பார்க்கிறார்கள்? எந்த நேரத்தில் அவரைக் கூப்பிடுகிறது? இது நின்றுபோனால் அவர் என்ன செய்வார்? ஐந்தாவது கேள்விக்குப் பல இடங்களில் பதிலே இருக்காது. சர்வர் விழுந்த நேரத்தில் வாடிக்கையாளரின் கோபத்தை நேருக்கு நேர் வாங்குவது கவுன்ட்டரில் இருப்பவர்தான். அந்த நேரத்தைக் கழிக்காமல் முழு டார்கெட்டையும் அவரிடம் கேட்டால் இரட்டைத் தண்டனை.

5. ஒரு முழு ஷிஃப்ட் பக்கத்தில் இருந்து பாருங்கள்

கையேட்டில் எழுதியிருக்கும் வேலையும் நடக்கும் வேலையும் ஒன்றல்ல. பரபரப்பான ஒரு நாளில், அனுமதி பெற்று, ஷிஃப்ட் தொடக்கம் முதல் முடிவு வரை உடன் இருங்கள். ஸ்டாப்வாட்ச் வேண்டாம். நேரம் அளக்க வந்தவர் என்ற எண்ணம் விழுந்துவிட்டால் நீங்கள் பார்ப்பது நடிப்பாகிவிடும்.

குறுக்குவழிகளைக் கவனியுங்கள். திரை ஓரத்தில் ஒட்டிய பாஸ்வேர்டு சீட்டு, கணினி இருக்கும்போதும் கையில் வைத்திருக்கும் நோட்டு, ஒரே விவரத்தை இரண்டு இடங்களில் பதிவது, கணினி ‘செயலற்றவர்’ என்று காட்டாமல் இருக்க அவ்வப்போது மவுஸை அசைப்பது. இவற்றை ஒழுங்கீனம் என்று எழுதிவிடாதீர்கள். கருவி எங்கே வேலைக்குப் பொருந்தவில்லை என்பதைக் காட்டும் தடயங்கள் இவை. மவுஸை அசைப்பவர் சோம்பேறி என்று முடிவு கட்டும் முன், திரையைத் தொடாமல் செய்ய வேண்டிய வேலை அவருக்கு எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். தொலைபேசியில் பேசுவது, யோசிப்பது, புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பது எதையும் அந்த மென்பொருள் வேலையாக எண்ணுவதில்லை.

உடலையும் பாருங்கள். மடிக்கணினியைக் குனிந்து பார்க்கும் கழுத்து, ஸ்கேனரைப் பிடித்த மணிக்கட்டு, ஜன்னல் வெளிச்சம் திரையில் பட்டுக் கூசும் கண், எழுந்திருக்காமல் கழியும் மணி நேரங்கள். உடல் வலியையும் மன அழுத்தத்தையும் தனித்தனி அறிக்கைகளாகப் பிரிக்க வேண்டாம். அவசரத்தில் வேலை செய்பவர் இடைவேளையை விடுகிறார். இடைவேளை போனால் தோள் இறுகுகிறது. வேர் ஒன்றாக இருக்கும்போது தீர்வையும் ஒன்றாகவே தேட வேண்டும்.

6. குழு உரையாடல்

எல்லாப் படிகளிலும் அதிகம் தருவது இதுதான். சரியாக நடத்தத் தெரிய வேண்டும். ஆறு முதல் எட்டுப் பேர், ஒரே நிலையில் உள்ளவர்கள், சம்பளம் தரும் வேலை நேரத்தில், மேலாளர் இல்லாமல். மேலாளர்களுக்குத் தனி அமர்வு வையுங்கள். மேலிருந்து டார்கெட், கீழிருந்து குறை என்று நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் அவர்கள். அவர்களிடமும் கேட்க நிறைய இருக்கிறது.

‘உங்களுக்கு அழுத்தம் இருக்கிறதா?’ என்று தொடங்காதீர்கள். ‘இல்லை’ என்று ஒரு சொல்லில் முடியும், அல்லது ஒருவர் தன் சொந்தக் கதையைச் சொல்லிவிட்டுப் பிறகு வருந்துவார். நடந்ததைக் கேளுங்கள். ‘கடைசியாக வேலை கைமீறிப் போன நாள் எது, அன்று காலையிலிருந்து என்ன நடந்தது?’ ‘இந்தச் செயலி வந்த பிறகு, முன்பு நீங்களே முடிவு செய்த எதை இப்போது கேட்டுச் செய்ய வேண்டியிருக்கிறது?’ ‘வீட்டுக்குப் போன பிறகு எத்தனை முறை கைபேசியைப் பார்க்கிறீர்கள், பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்?’

இரண்டாவது கேள்விக்கு நேரம் கொடுங்கள். பணி அழுத்த ஆய்வாளர் ராபர்ட் காரசெக் 1979இல் முன்வைத்த கோட்பாட்டு மாதிரி இதை விளக்கும்: வேலைப்பளு மட்டும் ஆளை முறிப்பதில்லை. பளு அதிகமாகவும், அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் வேலையே அதிக அழுத்தம் தருவது. வரிசையைத் தானே மாற்றிக்கொள்ள முடிந்தவர் நெருக்கடியான நாளையும் கடந்துவிடுவார். அடுத்த வேலையைக் கணினி நொடிக்கு நொடி திணிக்கும்போது அந்த இடைவெளி போய்விடுகிறது. ‘வேலை அதிகம்’ என்று ஒருவர் சொன்னால் உடனே எண்ணிக்கையை எழுதாமல், ‘அதில் எது உங்கள் கையில் இருந்தது?’ என்று திருப்பிக் கேளுங்கள்.

பேச்சின் நடுவே யாராவது உடைந்து அழலாம், தாங்க முடியவில்லை என்று சொல்லலாம். அந்த நேரத்தில் தேடக் கூடாது. மருத்துவர், ஆலோசகர், உதவி எண் விவரங்கள் கையில் தயாராக இருக்கட்டும். உங்களில் ஒருவர் அவரோடு தனியாகப் போய் உட்காருங்கள். உரையாடலைப் பிறகு தொடரலாம்.

7. கேள்வித்தாள்: புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம்

சோதித்துத் தேறிய கேள்வித்தாள்கள் ஏற்கெனவே உள்ளன. பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஹெச்எஸ்இ வெளியிட்டது 35 கேள்விகள் கொண்டது. வேலைப்பளு, கட்டுப்பாடு, ஆதரவு, உறவுகள், பொறுப்புத் தெளிவு, மாற்றம் என்ற ஆறு துறைகளைத் தொடுகிறது. டென்மார்க்கில் உருவான கோபன்ஹேகன் உளசமூகக் கேள்வித்தாள் இன்னும் விரிவானது.

இவற்றோடு டிஜிட்டல் வேலை பற்றி நான்கைந்து கேள்விகளை நீங்களே சேர்க்கலாம், இப்படி: ‘என்னைப் பற்றி எது பதிவாகிறது என்று எனக்குத் தெரியும்.’ ‘கணினி தவறாகச் சொன்னால் அதை மறுக்க வழி இருக்கிறது.’ ‘வேலை நேரம் முடிந்ததும் என்னால் தொடர்பைத் துண்டிக்க முடிகிறது.’ ‘புதிய மாற்றத்தைக் கற்க வேலை நேரத்திலேயே அவகாசம் கிடைத்தது.’ ‘ஒத்துப்போகிறேன்’ முதல் ‘மறுக்கிறேன்’ வரை ஐந்து நிலைகள் போதும்.

கேள்வித்தாளை உரையாடலுக்குப் பிறகு வைத்திருப்பதற்குக் காரணம், எதைக் கேட்க வேண்டும் என்பதை உரையாடல்தான் சொல்லும். சம்பள உயர்வு அறிவிக்கும் வாரத்திலும் ஆண்டு மதிப்பீட்டு நாட்களிலும் இதைச் சுற்றுக்கு விடாதீர்கள்; அந்த நாட்களின் மனநிலைதான் பதிலாக வரும். பாதிப் பேருக்கு மேல் பதில் தரவில்லை என்றால் எண்களை அலசுவதை நிறுத்திவிட்டு, ஏன் தரவில்லை என்று விசாரியுங்கள்.

மருத்துவ விடுப்பு, ராஜினாமா, கூடுதல் நேரப் பதிவுகள் இருந்தால் துறை அளவில் மொத்தமாக மட்டும் சேர்த்துப் பாருங்கள்.

8. எது முதலில்?

பட்டியல் நீளமாக இருக்கும். எவ்வளவு கெடுதல், எத்தனை பேருக்கு, எவ்வளவு நேரம் என்ற மூன்றையும் வைத்து வரிசைப்படுத்துங்கள். சத்தமாகப் பேசும் துறையின் குறை தானாக முதலிடத்துக்கு ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு விஷயங்கள் வரிசையில் காத்திருக்கவே கூடாது. ஒன்று, நீண்ட வேலை நேரம். உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட, பக்கவாத ஆபத்து 35 சதவீதமும் இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். வீட்டில் கைபேசியில் பார்க்கும் வேலையையும் சேர்த்துக் கணக்கிட்டால் இந்த எல்லையைத் தாண்டுபவர்கள் உங்கள் அலுவலகத்திலேயே இருக்கலாம். வருகைப்பதிவில் அது தெரியாது.

இன்னொன்று, திரை வழியாக நடக்கும் துன்புறுத்தல்: குழுவில் எல்லோர் முன்னும் அவமானப்படுத்துவது, நள்ளிரவில் தனிச் செய்தி அனுப்புவது, வேண்டுமென்றே ஒருவரைக் குழுவிலிருந்து விலக்கி வைப்பது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2019ஆம் ஆண்டின் 190ஆவது உடன்படிக்கை, தகவல் தொழில்நுட்பம் வழியாக நடப்பதையும் பணியிட வன்முறை, துன்புறுத்தல் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. இத்தகைய புகார் வந்தால் அதற்கான முறைப்படி அன்றே தொடங்குங்கள்.

9. தீர்வுகள்: மேலிருந்து கீழாக

பணியிடப் பாதுகாப்பில் பழகிய வரிசை இங்கும் பொருந்தும். முதலில் இடரை நீக்கப் பாருங்கள். முடியாவிட்டால் வேலையையும் கருவியையும் மாற்றுங்கள். பிறகு விதிகள். தனிநபர் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகள் கடைசியில். பெரும்பாலான நிறுவனங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன: தியானச் செயலிக்குச் சந்தா கட்டிவிட்டு டார்கெட்டை அப்படியே வைத்திருக்கின்றன. தியானம் நல்லதுதான், ஆனால் ஒருவரின் இரட்டைப் பதிவு வேலையை அது குறைக்காது. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டுதல்களும் நிறுவன அளவிலான மாற்றங்களையும் மேலாளர் பயிற்சியையும் சேர்த்தே பரிந்துரைக்கின்றன.

நீக்குவது என்றால்: இரண்டு இடங்களில் பதியும் வேலையை ஒன்றாக்குங்கள். யாரும் படிக்காத தினசரி அறிக்கையை நிறுத்துங்கள். எல்லோர் பெயரையும் தரவரிசைப்படுத்திக் காட்டும் டாஷ்போர்டை அணையுங்கள். குழுவின் மொத்த எண் போதும். ஒரு பதிவு எந்த முடிவுக்கும் பயன்படவில்லை என்றால் அதைச் சேகரிக்கவே வேண்டாம்.

மாற்றுவது என்றால்: அவசரத்துக்கு ஒரே ஒரு வழியை வைத்து மற்ற நோட்டிஃபிகேஷன்களைத் தொகுத்து அனுப்பச் செய்யுங்கள். கணினி ஒதுக்கும் வேலையின் வரிசையை ஊழியர் மாற்றிக்கொள்ள அனுமதி தாருங்கள். கணினியின் முடிவை மறுத்தால் அதை ஒரு மனிதர் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும், அவர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். முகத்தைப் பார்த்து மனநிலையைக் கணிப்பதாகச் சொல்லும் மென்பொருளை யாராவது விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியம், மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, பணியிடத்தில் இதை 2025 பிப்ரவரி முதல் தடை செய்திருக்கிறது.

விதிகள் என்றால்: வேலை நேரத்துக்குப் பிறகு வரும் செய்திக்குப் பதில் எதிர்பார்க்கப்படாது என்று எழுத்தில் அறிவியுங்கள். பிரான்சில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும் சட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. ஆனால் மேலாளரே இரவில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தால் அந்த அறிவிப்பை யாரும் நம்பமாட்டார்கள். அவர் இரவில் எழுதினாலும் காலையில் போய்ச் சேரும்படி நேரம் குறித்து அனுப்பும் வசதியைப் பழக்குங்கள்.

ஒவ்வொரு தீர்வுக்கும் எதிரே ஒரு பெயரும் ஒரு தேதியும் எழுதுங்கள். ‘நிர்வாகம்’ என்பது பெயர் அல்ல.

10. ஒரு குழுவில் சோதித்துப் பாருங்கள்

எல்லாத் துறைகளிலும் ஒரே நாளில் இறக்க வேண்டாம். ஒரு குழுவில் தொடங்குங்கள். அந்த வாரங்களுக்கு டார்கெட்டைக் குறையுங்கள். கற்றுக்கொள்ளும்போது வேகம் குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் டார்கெட்டை மட்டும் யாரும் தொடுவதில்லை. குறையும் வேகத்தை ஊழியர் தன் இடைவேளையிலிருந்தும் வீட்டு நேரத்திலிருந்தும் ஈடுகட்டுகிறார்.

பயிற்சியைச் சம்பளம் தரும் நேரத்தில் நடத்துங்கள். பழைய முறையை நிறுத்தும் தேதியை முன்கூட்டியே அறிவியுங்கள். இல்லாவிட்டால் இரண்டும் மாதக்கணக்கில் சேர்ந்தே ஓடும். ‘எனக்கு இது வரவில்லை’ என்று சொல்பவரைப் பின்தங்கியவராக நடத்தாதீர்கள். திரையில் எழுத்து சிறியது, மொழி புரியவில்லை, பொத்தான் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது என்று கருவியின் குறையை முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் அவர்தான்.

11. முடிவைத் திரும்பச் சொல்லுங்கள், மறுபடியும் பாருங்கள்

கேள்வித்தாள் முடிந்து ஒரு மாதத்துக்குள், என்ன தெரிந்தது, எதை மாற்றுகிறோம், எதை மாற்றவில்லை, ஏன் மாற்றவில்லை என்ற நான்கையும் ஊழியர்களிடம் நேரில் சொல்லுங்கள். மூன்றாவதையும் நான்காவதையும் மறைக்கத் தோன்றும், மறைக்க வேண்டாம். காரணத்தோடு சொல்லும் ‘முடியாது’ என்ற பதிலை மக்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

மூன்று மாதம் கழித்து அதே கேள்விகளை அதே சொற்களில் கேளுங்கள். சொல்லை மாற்றினால் ஒப்பிட முடியாது. பிறகு ஆண்டுக்கு ஒருமுறை போதும். இடையில் மென்பொருள் பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்டாலோ, புதிய கண்காணிப்பு வசதி திறக்கப்பட்டாலோ, ஆட்கள் குறைக்கப்பட்டாலோ நான்காவது படியிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். அப்டேட்டோடு வரும் வசதிகள் பல தானாகவே ‘ஆன்’ நிலையில் வருகின்றன. ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் உங்கள் குழுவில் உள்ள ஐடி ஊழியர் அமைப்புகளைத் திறந்து பார்த்து, புதிதாக எது பதிவாகிறது என்று பட்டியலில் சேர்க்கட்டும்.